செவ்வாயும் வியாழனும் சமைத்தது யார்

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் என் மகன் நீ சிட்னிக்குப் போகிறாய். அப்பா உன் பெட்டிக்குப் புதுப் பூட்டு வாங்கி வந்துவிட்டார். தங்கச்சி உன் அறைக்குள் போய் அளவெடுத்துவிட்டு, கட்டிலை எந்தச் சுவரோரம் போடலாம் என்று படமும் கீறி வைத்திருக்கிறாள். அங்கே லிட்கம்மில் இன்னும் இரண்டு பொடியன்களோடு சேர்ந்து நீ எடுத்திருக்கும் வீட்டில் குளிக்கச் சுடுதண்ணீர் ஒழுங்காக வருமா என்பதுதான் இந்த வாரம் முழுக்க நான் உன்னிடம் கேட்ட கேள்வி. நான் கேட்க நினைத்தது அதுவல்ல. மூன்று வாரமாக ஒன்றைச் சொல்ல வாயெடுப்பேன், "சுவெட்டர் வைச்சிட்டியோ?" என்பதாக அது வெளியே வரும். அதனால் எழுதுகிறேன். நம்மவர்கள் மாதாமாதம் தட்டச்சு செய்து வீடு வீடாக அனுப்பும் தாளில் இதைப் போட வேண்டும் என்பது என் விருப்பம். ஆனால் முதலில் நீ படி. உனக்குத் தெரிந்த விஷயங்களையும் ஒன்றுவிடாமல் சொல்லியிருப்பேன், மற்றவர்களும் படிக்க வேண்டும் என்பதற்காக. பொறுத்துக்கொள்.

நாம் மெல்பேர்ணுக்கு வந்து கிளேட்டனில் வீடெடுத்தபோது உனக்குப் பதின்மூன்று வயது. யாழ்ப்பாணத்தில் ஏழு வருடம் பெண்பிள்ளைகளுக்கு இரசாயனம் படிப்பித்தவள் நான். இங்கே என் பட்டத்தைப் பார்த்துவிட்டு, நல்லதுதான், ஆனால் இதோடு இந்த நாட்டு ஆசிரியர் டிப்ளோமாவும் வேண்டும் என்றார்கள். பகலில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் குப்பிகளுக்கு லேபல் ஒட்டினேன். அந்தக் குப்பிகளுக்குள் இருந்தது என்னவென்று அங்கே வரிசையில் நின்ற எல்லோரையும்விட எனக்கு நன்றாகத் தெரியும். அதைக் கேட்கத்தான் யாரும் இருக்கவில்லை. மூன்று வருடம் அப்படிப் போன பிறகு மாலை வகுப்பில் சேர்ந்தேன். செவ்வாயும் வியாழனும், ஏழு மணிக்கு, இரண்டு வருடம். வேலை நாலரைக்கு முடியும். இரண்டு பஸ் மாறி வீட்டுக்கு வர ஐந்தே முக்கால். ஆறு இருபத்தைந்துக்குத் திரும்ப வெளிக்கிட வேண்டும். இடையில் இருக்கும் நாற்பது நிமிடத்தில் சோறு, இரண்டு கறி, ஒரு தேங்காய்ப்பால் சொதி. ஒருவரும் என்னிடம் இரண்டு கறி வேண்டும் என்று கேட்கவில்லை. ஆனால் ஒரு கறியோடு அப்பாவுக்குச் சோற்றுக் கோப்பையை வைக்க என் கைக்குத் தெரியாது.

அந்த நாற்பது நிமிடம் காணாது என்பதால் முதல் தவணை முழுக்க விடிகாலை நாலு மணிக்கு எழும்பிச் சமைத்துவைத்துவிட்டு வேலைக்குப் போனேன். வகுப்பில் தூங்கி விழுந்தேன். ஒருநாள் விரிவுரையாளர் என்னைத் தட்டி எழுப்பாமல், எனக்காகக் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்ததைக் கண்டேன். அந்த இரக்கம் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. அடுத்த நாள் விலகல் படிவத்தை வாங்கி நிரப்பி மேசையில் வைத்தேன். நீ பள்ளிக்கூடப் பையைக் கழற்றாமலே அதை எடுத்துப் படித்தாய். உனக்கு அப்போது பதினாறு.

"இது என்ன அம்மா?"

"படிப்பை நிப்பாட்டப் போறன். பிறகு பாப்பம்."

"பிறகு எண்டா எப்ப?"

"நீங்கள் ரெண்டு பேரும் வளந்தாப் பிறகு."

"நான் வளந்திட்டன். செவ்வாயும் வியாழனும் நான் சமைக்கிறன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உனக்குத் தேத்தண்ணி போடவே தெரியாது."

"சோறு கறி சமைக்கிறன் எண்டு நான் சொல்லேல்லையே. சாப்பாடு சமைக்கிறன் எண்டுதானே சொன்னனான்."

உன் வகுப்பில் ஓர் அமெரிக்கப் பையன் படித்தான். அவனுடைய தகப்பன் ஒரு வருட ஆராய்ச்சிக்காக இங்குள்ள பல்கலைக்கழகத்துக்கு வந்திருந்தார். அவர்கள் வீட்டில் நீ டாக்கோ என்ற ஒன்றைச் சாப்பிட்டிருந்தாய். சோளமாவில் செய்து, வளைத்து, மொறுமொறுப்பாகப் பொரித்த ஓடு. அதற்குள் கொத்திறைச்சி, இலைக்கோசு, தக்காளி, துருவிய சீஸ். அவனுடைய அம்மாவும் வேலைக்குப் போகிறவர், இருபத்தைந்து நிமிடத்தில் எல்லாம் முடித்துவிடுகிறார் என்று நேரம் பார்த்துவிட்டு வந்து சொன்னாய். அந்த வியாழக்கிழமை பெட்டியில் அடைத்த ஓடுகளை வாங்கினாய். இறைச்சிக் கடை ஐந்தரைக்குப் பூட்டிவிடும் என்பதால் பள்ளிக்கூடத்திலிருந்து நேரே போய், நம் வீட்டில் மாடு சாப்பிடுவதில்லை என்று சொல்லி, ஆட்டின் தோள் இறைச்சியை அரைத்துத் தரும்படி கேட்டு வாங்கினாய். அரைக்கிலோதான். அது நாலு பேருக்குக் காணாது என்று நினைத்து, ஒரு கைப்பிடி மைசூர்ப் பருப்பை அவித்து அதனோடு பிரட்டினாய். பருப்பு கரைந்து இறைச்சியோடு ஒட்டிக்கொண்டு அளவு இரண்டு மடங்கானது. இறைச்சிக்குள் பருப்புப் போடலாம் என்று எனக்கு இருபது வருடச் சமையலில் தோன்றியதில்லை. கடையில் விற்கும் டாக்கோத் தூளுக்குப் பதிலாக என் மிளகாய்த்தூளில் ஒரு கரண்டி. தக்காளி, வெங்காயம், பச்சை மிளகாயைச் சின்னதாக வெட்டித் தேசிக்காய்ப் புளி விட்டாய். அதற்கு அந்த அமெரிக்க அம்மா வேறு பெயர் சொன்னாராம். தங்கச்சி பார்த்த உடனே "சம்பல்" என்றாள்.

நான் வந்தபோது மேசை முழுக்கக் கிண்ணங்கள். நடுவில் ஓடுகள். நீ கை கழுவப் போயிருந்தாய். தம்பி, அன்றைக்கு நான் செய்த வேலையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வருகிறது. பரிமாறப்படாமல் ஒரு சாப்பாடு மேசையில் கிடப்பதை என்னால் பார்க்க முடியவில்லை. எல்லாக் கிண்ணங்களையும் குசினிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ஓடுகளில் பாதியை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் எல்லாவற்றையும் நிரப்பி, தக்காளிச் சம்பலையும் தாராளமாக ஊற்றி, ஆளுக்கு மூன்றாகக் கோப்பைகளில் வைத்து, சோற்றை மூடுவதுபோல மேலே இன்னொரு கோப்பையைக் கவிழ்த்து மூடி வைத்தேன். அப்பா ஐந்து ஐம்பதுக்கு வந்து, வழக்கம்போலக் குளித்து, விபூதி பூசி, வந்து இருக்கக் கால் மணித்தியாலம். மூடியைத் திறந்தபோது உள்ளே இருந்தது மூன்று டாக்கோ அல்ல. கூழ்.

அப்பா விரலால் ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். "இதென்ன, பப்படத்துக்குள்ள இறைச்சியை வைச்சு ஊற வைச்சதோ?"

"பப்படத்தைச் சொதிக்குள்ள போட்ட மாதிரிக் கிடக்கு," என்றாள் தங்கச்சி.

நீ கோபப்படவில்லை. மிச்சமிருந்த ஓடுகளைக் கொண்டு வந்து நடுவில் வைத்தாய். "அம்மா, இதை முதலே போட்டு வைக்கேலாது. அவரவர் இருந்து, தன்ர கையால போட்டு, உடனே சாப்பிடோணும். நீங்களும் இருங்கோ."

"நீங்கள் சாப்பிடுங்கோ. நான் பிறகு..."

"பிறகு எண்டா ஓடு நமத்துப் போடும்."

கதிரையை இழுத்துவிட்டாய். இருந்தேன். கல்யாணம் முடித்த நாளிலிருந்து அப்பா சாப்பிடும்போது நான் பக்கத்தில் நின்றிருக்கிறேன். அவருடைய கோப்பையில் என்ன குறைகிறது என்று பார்த்துப் போட்டிருக்கிறேன். அவர் எழும்பிய பிறகு குசினியில் இருந்தோ நின்றோ சாப்பிட்டிருக்கிறேன். வகுப்பு நாட்களில் பஸ்ஸுக்கு ஓடும்போது ஒரு துண்டு பாண். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அப்பா ஒருநாளும் "போடு" என்று அதட்டியவர் இல்லை. அது அப்படித்தான் இருந்தது, அவ்வளவுதான். அன்றைக்கு அவருக்கு எதிரே இருந்தபோது எனக்கு என் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. கோப்பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கிண்ணங்களைப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. "அப்பா, கரண்டி உங்களுக்குக் கிட்டத்தான் கிடக்கு," என்று நீ மெல்லச் சொன்னாய். அவர் தனக்குத் தானே போட்டுக்கொண்ட முதல் டாக்கோவில் இறைச்சியைப் போட மறந்துவிட்டார், வெறும் கோசும் சீஸும்தான். அதைச் சொல்லாமல் கடைசிவரை சாப்பிட்டார். ஆறு இருபத்தைந்துக்கு நான் வயிறு நிறைந்து, கழுவிய கையோடு, புத்தகப் பையை எடுத்தேன். அன்று வகுப்பில் தூங்கவில்லை. திரும்பி வந்து படிவத்தைக் கிழித்தேன்.

அதன் பிறகு கிட்டத்தட்ட இரண்டு வருடம். பெட்டி ஓடு ஒவ்வொரு வாரமும் கட்டுப்படியாகாது என்று கண்டு, கோதுமை மாவில் மெல்லிய ரொட்டி தட்டி, ஓவனுக்குள் இருக்கும் கம்பித்தட்டின் இரண்டு கம்பிகளுக்கு மேலாகத் தொங்கப் போட்டுச் சுடலாம் என்று நீயே கண்டுபிடித்தாய். வளைந்து, காய்ந்து, மொறுமொறுவென்று வரும். செவ்வாய்க்கிழமை நம் வீட்டில் மச்சம் மாமிசம் இல்லை என்பதால் அன்றைக்கு டின்னில் வரும் சிவப்பு அவரை விதையும் பருப்பும்; வியாழனில் ஆடு. நடுவில் உனக்கே அலுத்துப்போய் முட்டை, உருளைக்கிழங்கு, டின் மீன் எல்லாம் உள்ளே போனது. உன் பள்ளிக்கூடக் கடைசிப் பரீட்சை மாதத்தில் நான் சமைக்கிறேன் என்றேன். "எனக்கு இது இருபத்தைந்து நிமிசம் அம்மா, உங்களுக்கு ரெண்டு மணித்தியாலம்," என்று கணக்குச் சொல்லி என்னை வெளியே அனுப்பினாய். அப்பாவும் சும்மா இருக்கவில்லை. முதலில் சீஸ் துருவினார். பிறகு கோப்பைகளைக் கழுவினார். ஒரு வியாழக்கிழமை குளிக்காமல் வந்து மேசையில் இருந்தார், ரொட்டி சூடாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக. அதை நான் யாருக்கும் சொன்னதில்லை.

நான் டிப்ளோமா பெற்றேன். பள்ளிக்கூடத்தில் வேலையும் கிடைத்தது. இனி எழுதப்போவதுதான் நான் எழுத உட்கார்ந்த விஷயம்.

வேலை கிடைத்த சந்தோஷத்துக்கு ஒரு சனிக்கிழமை நம் ஆட்களைச் சாப்பிடக் கூப்பிட்டோம். நீங்கள் பெரிய அன்ரி என்று கூப்பிடும் அவர், இருந்த கதிரையிலிருந்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "வேலையும் செய்து, படிச்சும் முடிச்சு, வீட்டிலயும் ஒரு குறை விடேல்லை. இவளை மாதிரி ஆர் இருக்கினம்?" பிறகு என் பக்கம் திரும்பி, "அது சரி பிள்ளை, வகுப்பு நாளில ஆர் சமைச்சது?" என்று கேட்டார். நீ சோடாக் கிளாஸ்கள் வைத்த தட்டத்தோடு எனக்கு இரண்டடி தள்ளி நின்றாய். நான் சொன்னேன்: "விடிய நாலு மணிக்கு எழும்பிச் சமைச்சு வைச்சிட்டுத்தான் போறனான் அன்ரி."

அவர் உன்னைப் பார்த்தார். "உண்மையோ தம்பி?"

நீ தட்டத்தை அவர் பக்கம் நீட்டினாய். "ஓம் அன்ரி. அம்மாதான்."

உன் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. அன்றைக்கு உனக்குப் பதினெட்டு. எனக்காக நீ சொன்ன முதல் பொய் அது என்று நினைக்கிறேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை. ஆம்பிளைப் பிள்ளையைக் குசினிக்குள் விட்டவள் என்று சொல்லிவிடுவார்கள், அப்பாவைக் கேலி செய்வார்கள் என்று பயந்தேன் என்பது ஒரு பதில். நீண்ட காலம் அந்தப் பதிலையே எனக்கும் சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். மற்றப் பாதி, அந்தப் புகழ் எனக்கு இனித்தது. எல்லாவற்றையும் ஒற்றை ஆளாய்ச் செய்தவள் என்று பத்துப் பேர் என்னைப் பார்த்த அந்தப் பார்வையை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. உன் இரண்டு வருட உழைப்பை எடுத்து நான் அணிந்துகொண்டேன். நீ ஊக்கு மாட்டிவிட்டாய்.

நமக்குள்ளேயே முடிந்திருந்தால் உன்னிடம் தனியாக மன்னிப்புக் கேட்டிருப்பேன். முடியவில்லை. நாலு மணிக்கு எழும்பிய கதை நம் வீடுகளெல்லாம் சுற்றியது. மனைவி களைப்பு என்று சொன்னால் "அவவைப் பாரும்" என்று என்னைக் காட்டும் புருஷன்மார் உண்டு என்று பிறகுதான் கேள்விப்பட்டேன். போன வருடம் ஒருத்தி என்னைத் தேடி வந்தாள். அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், ஆனால் பெயரை மாற்றச் சொன்னாள். ராணி என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சின்னப் பிள்ளைகள். ஊரில் கணக்கு ரீச்சர். இங்கே தையல் தொழிற்சாலை. நான் படித்த அதே வகுப்பில் சேர்ந்திருந்தாள். "அக்கா, எப்பிடிச் செய்தனீங்கள்? எனக்கு ஒருக்காச் சொல்லித் தாங்கோ," என்று கேட்டாள். நான் அவளுக்குத் தேத்தண்ணி கொடுத்து, விடிகாலை நாலு மணிக் கதையைத் திரும்பவும் சொன்னேன். எந்தக் கறியை முதலில் அடுப்பில் வைக்க வேண்டும் என்பதுவரை சொன்னேன். முதல் தவணையில் நான் உண்மையிலேயே செய்து, முடியாமல் விட்ட ஒன்றை, செய்து முடித்ததாகச் சொன்னேன். ராணி அதை ஒரு தவணையும் ஒரு வாரமும் செய்து பார்த்தாள். பிறகு விலகிவிட்டாள். "உங்களிட்ட இருக்கிற பலம் எனக்கு இல்லை அக்கா," என்று அவள் சொன்னபோது நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாய் திறக்கவில்லை.

இதை அப்பாவிடம் போன மாதம்தான் சொன்னேன். "பொய்யைச் சொன்னது நீர். அதில பெருமைப்பட்டு நாலு பேருக்குச் சொன்னது நான். போம், போய்ச் சொல்லும்," என்றார். மூன்று வாரத்துக்கு முன் ராணி வீட்டுக்குப் போனேன். முழுவதையும் சொன்னேன், கூழாய்ப் போன முதல் டாக்கோ உட்பட. அவள் அழுவாள் அல்லது என்னை வெளியே போகச் சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். மடித்துக்கொண்டிருந்த பிள்ளையின் சட்டையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இதை அப்பவே சொல்லியிருக்கக் கூடாதோ அக்கா? ஒரு வருசம் நான் என்னைச் சோம்பேறி எண்டெல்லே நினைச்சுக்கொண்டு இருந்தனான்."

சட்டையைத் திரும்ப எடுத்து மடித்தபடி அவள்தான் கேட்டாள்: "அப்ப ரெண்டு வருசமும் உங்கட மகனோ?" ஓம் என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொன்னபோது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று உனக்கு எப்படிச் சொல்வேன். பெரிய அன்ரியின் புகழ் எனக்கு இனித்தது என்றேனே, அது இதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை. என் மகன் பதினாறு வயதில் தன் பின்னேரங்களைத் தந்து என்னைத் திரும்பவும் ரீச்சர் ஆக்கினான் என்று நான் ஒரு மனிதரிடம் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. பேசத் தொடங்கிய நான் நிறுத்தவில்லை. கம்பித்தட்டில் ரொட்டி காயப் போட்ட கதையையும் சொல்லித்தான் எழும்பினேன்.

உனக்கு என்ன புத்தி சொல்வது? சமையல் தெரியும். என்றைக்கோ ஒருநாள் ஒருத்தியைக் கட்டுவாய். அவள் நின்றுகொண்டு பரிமாற, நீ இருந்து சாப்பிட மாட்டாய் என்று எனக்குத் தெரியும், நான் சொல்லத் தேவையில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன், நீ என்னைவிட நல்லவனாக இருப்பதால் உனக்கு வரக்கூடிய ஆபத்து இது. யாராவது உன் உழைப்பைத் தங்களுடையது என்று சொல்லும்போது, அவர்கள் மேலுள்ள அன்பினால் நீ "ஓம்" என்று தட்டத்தை நீட்டாதே. அன்றைக்கு நீ என் முகத்தைக் காப்பாற்றினாய். அதற்காக நான் உன்னைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் அந்த "ஓம்" ராணியின் வீடுவரை போனது. உன் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன், அதனால்தான் சொல்கிறேன். லிட்கம் வீட்டிலும் பார். மூன்று பேரில் ஒருவனே எப்போதும் சமைப்பவனாகி, அவன் நீயாக இருந்துவிடாதே. மற்ற இரண்டு பேருக்கும் கை இருக்கிறது.

இந்தக் கடிதத்தைத் தாளில் போடலாமா என்று நீ சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் பெரிய அன்ரி வீட்டிலிருந்து தொடங்கி ஒவ்வொரு வீடாகப் போய் வாயால் சொல்வேன். அதற்குக் கொஞ்சம் காலமெடுக்கும், அவ்வளவுதான்.

இன்னொன்று, இது கொஞ்சம் அவசரம். ராணி திரும்பவும் படிக்கப் போகிறாள்; அடுத்த வருட வகுப்புக்கு விண்ணப்பிக்க இந்த வெள்ளிக்கிழமை கடைசி நாள். ராணியின் புருஷன் முந்தாநாள் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார். கூச்சப்பட்டுக் கூச்சப்பட்டுக் கதைத்தார். "அக்கா, உங்கட மகன் சிட்னிக்குப் போறதுக்கு முதல் எனக்கு ஒருக்காப் பழக்கி விடுவாரோ? நான் வெங்காயமும் வெட்டினதில்லை. ராணியும் பிள்ளையளும் சிரிக்கினம்." நான் உன்னைக் கேட்காமலே ஓம் சொல்லிவிட்டேன். நாளைக்கு வியாழன். அவர் ஐந்து மணிக்கு நம் வீட்டுக்கு வருவார். சொல்வதை எழுத ஒரு கொப்பி கொண்டு வருவாராம். பொறுமையாகச் சொல்லிக் கொடு, கத்தியைக் கவனிக்கச் சொல். அப்பா சீஸ் துருவுவார். நான் வீட்டில் இருக்க மாட்டேன். பள்ளிக்கூடம் முடிந்ததும் ராணியைக் கூட்டிக்கொண்டு, அவளுடைய விண்ணப்பத்தைக் கொடுக்கக் கல்லூரிக்குப் போகிறேன். பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு ஆறு மணிக்கு வருவோம்.

நல்ல பசியோடு வருவோம்.

அம்மா